அத்தான் மாற்றிய பல்புகள்

என் அக்காவின் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவர் வேன் அண்ணன். எனக்கு அத்தான். சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றுக்கு விடிவதற்கு முன்னால் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவதும், பொழுது சாய்ந்த பின் அவர்களைத் திரும்ப வீடு கொண்டுவந்து சேர்ப்பதும்தான் அவருடைய வாழ்க்கை. வேன் அவருடைய சொந்த வேன். அதைத் துடைப்பது, அதன் அடியில் படுத்து எதையாவது முறுக்குவது, அதைப் பற்றிப் பேசிப் பேசியே அக்காவைத் தூங்கவைப்பது, இதெல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் சாப்பிடுவார்.

நானும் ஓட்டுநர்தான். காய்கறி மூட்டை ஏற்றும் சின்ன லாரி. நான் எப்படி பிரேக் போட்டாலும் கத்தரிக்காய் கோபித்துக்கொள்ளாது. அத்தான் அப்படியில்லை. அவருடைய வேனில் பெண்கள் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். கம்பெனி வாசலில் வண்டி நின்ற பிறகுகூட யாராவது உசுப்பினால்தான் எழுந்திருப்பார்கள். அது அவருக்குப் பெரிய பெருமை. "என் வண்டில ஏறினா தொட்டில் மாதிரி இருக்கும்டா" என்பார். தற்பெருமைதான். ஆனால் உண்மை.

ஒரு நாள் காலையில் வேனை நிறுத்திவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், லைட் டல்லடிக்குதுடா. ரோட்டு ஓரமே தெரியல."

போய்ப் பார்த்தேன். விளக்குக் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விளக்கு நன்றாகவே எரிந்தது. "நல்லாத்தானே இருக்கு அத்தான்" என்றேன். "உனக்கு என்ன தெரியும், நீ முட்டைக்கோசுக்கு வண்டி ஓட்டுறவன்" என்றார். இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்வான்?

அன்றைக்கு ஆரம்பித்தது பல்பு மாற்றுகிற வேலை. உதிரிபாகக் கடையில் எந்நேரமும் நாலு டிரைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குள் ஹாலஜன் கட்சி, எல்இடி கட்சி என்று இரண்டு உண்டு. கடைக்காரர், கடையில் எது விற்காமல் தங்கிவிட்டதோ அந்தக் கட்சி. நான் பிறந்ததிலிருந்து ஹாலஜன் கட்சி. அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வண்டிகளின் விளக்குக் கிண்ணத்தை, ஹாலஜன் பல்புக்குள் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அதை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதே கிண்ணத்தில் எல்இடியைக் கொண்டுபோய்ச் செருகினால், அந்த வெளிச்சத்துக்கு எங்கே போவதென்று தெரியாது. மரத்துக்குப் போகும், மாடி ஜன்னலுக்குப் போகும், எதிரே வருகிற பாவப்பட்டவன் கண்ணுக்குள் போகும். போட்டவனுக்கு மட்டும் மூக்குக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று தெரியும். அதைப் பார்த்து மயங்கிவிடுவான். எதிரே அப்படி ஒருவன் வந்தால் நான் ஜன்னலை இறக்கி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

இவ்வளவும் அத்தானிடம் கரடியாகக் கத்தினேன். அவர் எல்இடிதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் பக்கத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கு எல்லாரும் வைத்த பெயர் கரண்ட். ஒல்லியான ஆள், தொட்டால் கடிப்பான். அவன் மாட்டிக்கொடுத்தான். முதல் நாள் அத்தான் முகத்தில் கல்யாண மாப்பிள்ளை களை. "பகல் மாதிரி இருக்குடா" என்றார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்களாம். அவர் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல.

பிறகு ஒரு மழை வந்தது. அந்த வெள்ளை வெளிச்சம் மழைத்துளி ஒவ்வொன்றிலும் பட்டுத் திரும்பி அவர் முகத்துக்கே வந்தது. எதிரில் வெள்ளைச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது என்று அவரே சொன்னார். மறுநாள் எல்இடியைக் கழற்றச் சொல்லிவிட்டு ஹாலஜனுக்குத் திரும்பினார். நான் வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். ஆனால் பழைய ஹாலஜன் போதாதாம். இருப்பதிலேயே அதிக சக்தியுள்ளது வேண்டுமாம். அதைப் போட்டு ஓட்டியதில் சூடு தாங்காமல் பல்பின் பிளாஸ்டிக் பிடிமானம் உருகி, வேன் முழுக்கக் கருகல் நாற்றம். அதை மாற்றினார். வயர் மாற்றினார். கிண்ணத்தை மாற்றினார். அப்புறமும் "ஓரம் தெரியல" என்றார்.

கரண்டுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் கொண்டாட்டமாகத்தான் இருக்க வேண்டும். அவனே சலித்துவிட்டான். "வாங்க, கடைசியா ஒருதரம் செவுத்துல அடிச்சுப் பாத்துருவோம்" என்றான்.

விளக்கின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற முறை இது. இருட்டத் தொடங்கும் நேரத்தில் வண்டியைச் சுவருக்கு நேரே நிறுத்துவார்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். இன்னொருவர் சுவர் பக்கம் சாக்பீஸோடு நின்று, வெளிச்சம் விழுகிற இடத்தில் கோடு போடுவார். கம்பெனி விடுமுறை நாளில், கரண்டின் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சுவரில் அதைச் செய்தோம். அத்தான் உள்ளே. நான் சாக்பீஸோடு சுவரண்டை. கரண்ட் குனிந்து திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தான். கோடு போட்டுவிட்டு, நிழல் விழக் கூடாதென்று நான் ஒரு எட்டு ஓரமாக நகர்ந்தேன்.

"மச்சான், எங்கடா போயிட்ட?" என்றார் அத்தான்.

"இங்கதான் நிக்கிறேன்."

"எங்க?"

நான் வெளிச்சத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டையின் கட்டங்கள்கூட எனக்குத் தெரிந்தன. விளையாடுகிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். அவர் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். கரண்ட் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, பல்புல ஒண்ணும் இல்லண்ணே. கண்ண ஒருதரம் காட்டிருங்க" என்றான் கரண்ட். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அத்தானுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "லைசென்ஸ் புதுப்பிக்கிறப்ப டெஸ்ட் வெச்சான்டா. பொடி எழுத்து, கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். என் கண்ணுக்கு என்னடா?" என்று குதித்தார். அது பொய்யில்லை. பகல் வெளிச்சத்தில் நேராக வைத்த அட்டையை அவர் இன்றைக்கும் படிப்பார்.

அக்கா அழுது, நான் சண்டை போட்டு, ஒருவழியாக அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு சோதனை வைத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் மின்னும். மின்னுகிறது தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சோதனை செய்கிற பெண்ணுக்குப் பின்னால் நின்று அவளுடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொட்டு வந்தது, போனது. வந்தது, போனது. அத்தானின் கட்டைவிரல் அசையவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கிறவரைப் போல அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த விரலை நானே அமுக்கிவிடலாமா என்று இருந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"விழித்திரை ஓரத்துலேர்ந்து அழிஞ்சுக்கிட்டே வந்திருக்கு. நடுவுல கொஞ்சம்தான் மிச்சம். இருட்டுல அதுவும் உதவாது. இத்தனை நாள் பழக்கத்துலதான் ஓட்டியிருக்கீங்க."

"மருந்து?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. இவருக்கு இருக்கிற வகைக்கு என்கிட்ட குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே வண்டி ஓட்டாதீங்க. பகல்லகூட வேணாம்."

அத்தான் தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். வெளியே வந்ததும் நேராக எங்கே போனார் தெரியுமா? உதிரிபாகக் கடைக்கு. உள்ளே போய், "இருக்கிறதுலயே வெளிச்சமான எல்இடி எது, அத எடுங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கடை வாசலில் நின்று கத்தினேன்.

"பல்ப மாத்தினா கண்ணு வந்துருமா அத்தான்? டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. இருட்டுல உதவாதுன்னார். அப்ப இருட்டு இல்லாம பண்ணணும். அவ்ளோதானே?"

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் பெட்டியைத் திறந்து பல்பைத் தூக்கிக் காட்டினார். அத்தான் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அந்த நிமிஷம் என் கோபமெல்லாம் போய், அவரைப் பிடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது. அழவில்லை. நாலு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டில் மாட்டியிருந்த வேன் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "குடுறா" என்றுகூடக் கேட்கவில்லை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து அக்காதான் வந்து கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

"உனக்கும் பைத்தியமா அக்கா?"

"வண்டி இல்லாம இவரு யாருன்னு இவருக்கே தெரியாதுடா. வீட்ல உக்கார வெச்சா நாலு நாள்ல செத்துருவாரு. நான் பாத்துக்கறேன். குடு."

"அதுல ஏறுறவங்க உயிரு?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல. வெளில யார்கிட்டயாவது சொன்ன, என் மூஞ்சில முழிக்காத."

கொடுத்தேன். வேறு ஏதாவது செய்திருக்கலாமே என்று இன்றைக்கும் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அக்கா இல்லை போலிருக்கிறது.

அத்தான் கடையில் வாங்கிவந்த அந்த எல்இடியோடுதான் வேன் மறுபடி ஓடியது. மறுநாளிலிருந்து அக்கா அதில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனாள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, காற்று வாங்க வருகிறேன் என்று பெண்களிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் விடுவார்களா? அக்கா எந்நேரமும் அத்தான் பக்கம் சாய்ந்து காதோரம் எதையோ சொல்லிக்கொண்டே வருவதைப் பார்த்து, "என்ன அண்ணி, இந்த வயசுல ரகசியம்?" என்று கேலி செய்தார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று பெயர் வைத்தார்கள். அக்கா வெட்கப்படுகிற மாதிரி சிரிப்பாள்.

ஒரு விடியற்காலை என் லாரி படுத்துவிட்டதால் நானும் அந்த வேனில் ஏறினேன். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அக்காவின் ரகசியம் எனக்குக் கேட்டது.

"இடது பக்கம் சைக்கிள்... தாண்டியாச்சு. நேரா போங்க. நேரா. மேடு வருது, கியர மாத்துங்க. ஆளு ஒருத்தர் நடந்து போறாரு, ஓரமா. கொஞ்சம் வலது. போதும். போதும்ங்க."

அக்காவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முன்கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தாள், அங்கே ஒரு பிரேக் இருக்கிற மாதிரி. அத்தானோ முதுகு நிமிர்ந்து ராஜா மாதிரி ஓட்டினார். அவள் சொல்வதற்கும் ஸ்டியரிங் திரும்புவதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. இத்தனை வருஷம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் குடும்பம் நடத்தியவர்கள். நான் இறங்கும்போது என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அப்படியும் கொஞ்ச காலம் ஓடியது. அதுதான் கொடுமை. ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தால்கூட நிறுத்தியிருப்பார்கள்.

கம்பெனியில் பொத்தான் தைக்கிற பெண் ஒருத்தி உண்டு. வேனில் அவளுக்குப் பெயர் பட்டன். ஒரு வளைவைத் தாண்டியதும் அவள் ஏறுகிற நிறுத்தம். அன்றைக்கு விடியற்காலையில் நல்ல மழை. வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு லாரி வந்தது. அதிலும் எவனோ எல்இடியைச் செருகி வைத்திருக்கிறான். அந்த வெள்ளை வெளிச்சம் மழையோடு சேர்ந்து கண்ணாடி முழுக்க அடித்ததும் அக்கா கண்ணை மூடிவிட்டாள். யாராக இருந்தாலும் மூடத்தான் செய்வார்கள். மறுபடி திறந்து, "நில்லுங்க" என்று சொல்வதற்குள் முன்பக்கம் ஏதோ தட்டியது. நிறுத்தம் வருகிறது என்று பழக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிக்கொண்டிருந்தார் அத்தான். அதனால் பட்டனுக்குக் கால் எலும்பு மட்டும் முறிந்தது. உயிர் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான். "அண்ணன் மேல தப்பில்ல. மழைல லைட்டு சரியா விழல."

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேன் அண்ணன் லைட்டோடு படாத பாடு படுகிறார் என்பது ஏற்கனவே எல்லாருக்கும் தெரியும். உதிரிபாகக் கடையில் இரண்டு கட்சிகளும் அவரவர் பங்குக்குப் பேசின. ஹாலஜனாக இருந்தால் மழையில் தெரிந்திருக்கும் என்றார்கள் சிலர். இல்லை, எல்இடிக்கென்றே கிண்ணத்தோடு சேர்த்துச் செய்த முழு விளக்காகப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றார்கள் மற்றவர்கள். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

அத்தான் வேனை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, லைட் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பெண்கள் வேறு ஒரு வேனில் போனார்கள். அந்த ஓட்டுநர் எடுத்த எடுப்பில் பிரேக் போடுகிறானாம், தூங்கவே முடியவில்லையாம். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணன் எப்ப வருவாரு?" என்று கேட்டார்கள். அத்தான் பகலெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வண்டியைக் கிளப்ப மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒரு சாயங்காலம் பெண்கள் எல்லாரும் கும்பலாக வந்தார்கள். கரண்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் கையில் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள். எல்லாரும் காசு போட்டு, எல்இடிக்கென்றே செய்த முழு விளக்கு ஜோடி ஒன்றை வாங்கியிருந்தார்கள். பட்டனும் வந்திருந்தாள். மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாக அக்கா போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அடுத்த வாரம் நானும் வேலைக்கு வந்துருவேன் அண்ணா. நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

கரண்டுக்கு விஷயம் தெரியும். அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தான். பழைய விளக்குகளைக் கழற்றினான், புதியவற்றைப் பொருத்தினான். தெரு இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுச் சுற்றுச்சுவர்தான் எதிரே. "ஏறுங்கண்ணே" என்றான். அத்தான் கதவைத் தடவிப் பிடித்து ஏறினார். விளக்கைப் போட்டார்.

நான் ஹாலஜன் கட்சிதான். ஆனால் அப்படி ஒரு அழகான வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மேலே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அதற்குக் கீழே சுவர் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒவ்வொரு செங்கலும் தெரிந்தது. பெண்கள் கை தட்டினார்கள். அக்கா வாசற்படியில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த நாள் காலையில் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

"எப்படிண்ணா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

அத்தான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு இறங்கினார். குரல் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

"லைட்ல ஒண்ணும் இல்லம்மா. முன்னாடி இருந்ததுலயும் ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் கண்ணு தெரியல. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

பெண்களின் பார்வை மெல்ல மெல்ல அக்கா பக்கம் திரும்பியது. அந்த ரகசியமெல்லாம் என்னவென்று ஒவ்வொருத்திக்கும் புரிந்துகொண்டே வருவது முகத்தில் தெரிந்தது. கேலி செய்து பெயர் வைத்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு அம்மாள் மட்டும், "நாங்க தூங்கிக்கிட்டுல்ல இருந்தோம்" என்றாள். திட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை.

பட்டன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். அத்தானுக்கு எதிரே வந்து நின்றாள்.

"அப்போ அன்னைக்கு நீங்க என்னைப் பாக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

"பாத்துட்டுத்தான் ஓரம் கட்டுறீங்கன்னு நெனச்சேன். மழைல ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்தேன். உங்க வண்டி வளைவுல திரும்பினதும் அப்பாடான்னு இருந்துச்சு. அதான் முன்னாடி வந்து கை காட்டினேன் அண்ணா" என்றாள் அவள்.